எடுக்காமல் விட்ட அழைப்புகள்

2020 மார்ச் நடுவில் தமிழ்நாட்டுச் சிறைகளில் மனு பார்ப்பதை, அதாவது குடும்பத்தார் போய்க் கைதிகளைப் பார்ப்பதை, நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. கவலை அப்புறம்தான் வந்தது, அதுவும் அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு. என் கூடப்பிறந்த அண்ணன் அப்போது திருச்சி மத்திய சிறையில் தண்டனைக் கைதி. செய்தி கேட்டதும் பதறிப்போனேன் என்றுதான் இத்தனை வருடமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய்.

அண்ணன் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரியலூர் பக்கம் எங்கள் கிராமத்தில் ஒரு வரப்புத் தகராறு. மண்வெட்டிக் காம்பால் அண்ணன் அடித்த அடியில், எங்களுக்குப் பங்காளி முறையுள்ள ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று 304-ஆம் பிரிவில் 10 வருடத் தண்டனை. இறந்தவர் வீட்டுப் பிள்ளைகள் தகப்பன் இல்லாமல் வளர்ந்தார்கள். அந்த வீட்டைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணன் நிரபராதி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. அவருக்குத் தண்டனை கொடுத்தது நீதிமன்றம். அதற்கு மேல் நான் கொடுத்த தண்டனையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அண்ணியும் அம்மாவும் ஊரிலிருந்து கிளம்பி வருவார்கள், நான் தஞ்சாவூரிலிருந்து போவேன். சிறை வாசலில் சந்தித்துக்கொள்வோம். ஆதார் அட்டையைக் காட்டி மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனால் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் நிற்பார். இந்தப் பக்கம் எங்களைப் போலப் பல குடும்பங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுவார்கள். அம்மா சொல்வதில் பாதி அண்ணனுக்குக் கேட்காது. ஆனாலும் அம்மா மாடு கன்று போட்டதிலிருந்து மழை பொய்த்தது வரை சொல்லிக்கொண்டே இருப்பார். அண்ணன் தலையாட்டிக்கொண்டே இருப்பார். நான் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது என்னை அங்கே பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில், வாசலில் நிற்கும் நேரமெல்லாம் முந்தானையை முகத்துக்கு இழுத்து விட்டுக்கொள்வேன். ஆரம்பத்தில் மாதாமாதம் போனேன். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. அப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்று ஆனது. பரீட்சை, பேப்பர் திருத்தல், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. காரணம் தேடி அலுத்துப்போயிருந்த நேரத்தில், கேட்காமலே பெரிய காரணம் ஒன்றைக் கொரோனா கொண்டுவந்து கொடுத்தது. நிம்மதி அதனால்தான்.

மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், தானாகவே எடுத்துக்கொண்ட வழக்கில், ஒவ்வொரு மாநிலமும் உயர்நிலைக் குழு அமைத்து, 7 வருடம் வரை தண்டனைக்குரிய குற்றங்களில் தண்டனை பெற்றவர்களையும் விசாரணைக் கைதிகளாக இருப்பவர்களையும் பரோலிலோ இடைக்கால ஜாமீனிலோ விடுவதைப் பரிசீலிக்கச் சொன்னது. சிறைகள் நெரிசலாக இருக்கின்றன, உள்ளே தொற்று புகுந்தால் தடுக்க முடியாது என்பது காரணம். அண்ணி போன் போட்டு, "நம்மாளு வருவாரா பாப்பா?" என்று கேட்டார். 10 வருடத் தண்டனைக்கு அது பொருந்தாது என்று நான்தான் விளக்கினேன். விளக்கும்போது என் குரல் தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் போனதால் வந்த தெளிவு அது என்று இப்போது தெரிகிறது.

மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. பிப்ரவரியில் கண்புரை ஆபரேஷனுக்காக என் வீட்டுக்கு வந்த அம்மா, திரும்பிப் போக வண்டி இல்லாமல் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டார்.

மனுவுக்குப் பதிலாகச் சிறைத்துறை ஸ்மார்ட்போன்கள் வாங்கி, கைதிகளை வாட்ஸ்அப்பில் குடும்பத்தாரோடு வீடியோவில் பேச விட்டது. அதற்கு வீட்டார் ஒரு எண் கொடுக்க வேண்டும். அண்ணியிடம் இருந்தது பட்டன் போன். நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், அதுவும் நின்றுபோயிருந்த நேரம். ஸ்மார்ட்போன் என்னிடம்தான் இருந்தது. அம்மாவும் என்னோடுதான் இருந்தார். அண்ணன் என் எண்ணைக் கொடுத்தார். அவர் அம்மாவைப் பார்ப்பதும் அம்மா அவரைப் பார்ப்பதும் அப்போதிருந்து என் கையில் இருந்தது.

முதல் அழைப்பு வந்தபோது அம்மாவைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். சத்தத்தைக் குறைத்துவைத்தேன். மாடியில் வீட்டுக்காரர் குடும்பம், அடுத்த அறையில் என் மகள். "மாமா சிங்கப்பூர்ல வேலை பாக்குறாங்க" என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். திரையில் அண்ணன் முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தார். புதுசாகக் கண்ணாடி போட்டிருந்த அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "கிட்ட இருக்கியேப்பா" என்றார். இரைச்சல் இல்லாமல், கம்பி வலை இல்லாமல், பக்கத்தில் யாரும் கத்தாமல் அம்மா மகனைப் பார்த்தது அத்தனை வருடத்தில் அன்றுதான். சில நிமிடங்களில் அழைப்பு முடிந்துவிட்டது. அன்று முழுவதும் அம்மா அந்தச் சிரிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இதைப் பார்த்த பிறகும்தான் நான் அப்படி நடந்துகொண்டேன்.

அழைப்பு எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. உள்ளே வரிசையில் நிற்கும் கைதிகளில் அவரவர் முறை வரும்போதுதான் வரும். மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, எனக்கும் அதே போனில் வகுப்பு எடுக்க வேண்டும். ஒரு நாள் வகுப்பு நடுவில் வந்தது, துண்டித்தேன். அதையாவது மன்னிக்கலாம். அடுத்த தடவை நான் சும்மாதான் இருந்தேன். மைத்துனர் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தார். கூடத்தில் போன் ஒலித்தது. எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனால் யார் என்று கேட்பார்கள். அந்த எண்ணைப் பார்த்தேன், சத்தத்தை அணைத்தேன், போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி அதிர்ந்தது. மேசை மேல் அது நகர்வதைப் பார்த்துக்கொண்டே காப்பி ஆற்றிக் கொடுத்தேன். அம்மா கொல்லைப்புறத்தில் இருந்தார்.

அதற்குப் பிறகு பழகிப்போனது. எடுத்த நாட்களும் உண்டு. எடுக்காத நாட்கள் அவற்றைவிட அதிகம். "இன்னக்கி அண்ணன் பேசலியா?" என்று அம்மா கேட்பார். "ஜெயில்ல இன்னக்கி விடலையாம்மா" என்பேன். "அங்க நெட் இல்லையாம்" என்பேன். எது சொன்னாலும் அம்மா நம்புவார். ஜெயில் என்றால் அப்படித்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம். உள்ளே ஒரு வார்டர் என் எண்ணைத் தேடிப்போட்டு அண்ணன் கையில் போனைக் கொடுத்திருக்கிறார். நான் எடுக்காமல் விட்டுவிட்டு, பழியை அந்தச் சிறை மேலேயே போட்டேன். இந்த வாக்குமூலத்தில் எழுதக் கை கூசும் இடம் இதுதான்.

மே கடைசியில் புழல் சிறையில் கைதிகளுக்குத் தொற்று என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அம்மாவுக்குப் புழலும் தெரியாது, அது சென்னையில் இருப்பதும் தெரியாது. சிறை என்றால் அவருக்குத் திருச்சிதான். ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். அது வேற ஜெயில் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். அண்ணன் முகத்தைக் காட்டியிருந்தால் அந்தச் சமாதானம் தேவைப்பட்டிருக்காது.

ஜூனில் சாத்தான்குளம். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்று ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் 19ஆம் தேதி போலீஸ் கைது செய்தது. காவல் நிலையத்தில் அடித்துச் சித்திரவதை செய்தார்கள் என்று பின்னால் சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டவர்களில் 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், மறுநாள் காலை தகப்பன் இறந்தார். தமிழ்நாடே கொதித்தது. நானும் கொதித்தேன், அந்தக் கோபம் உண்மையானது. வெளியிலிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் உள்ளே இருப்பவன் பத்திரம் என்று என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நீளமாக எழுதிப் போட்டேன். சக ஆசிரியைகள் பாராட்டினார்கள். அதே போனில், அதே வாரத்தில், அண்ணனின் அழைப்பை எடுக்காமல் விட்டேன். தூத்துக்குடி மாவட்டத்தில் முகம் தெரியாத இருவருக்காக அழ முடிந்த எனக்கு, என் அண்ணனுக்கு அந்த வெளிக் கண் நான்தான் என்பது தோன்றவில்லை. தோன்றவிடவில்லை என்பதே சரி.

ஒரு இன்லேண்டு லெட்டர் வந்தது. திறந்து படித்து, சிறை முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். அண்ணனின் கோணல் எழுத்து. அம்மா கண்ணு எப்படி இருக்கு, சொட்டு மருந்து விடுகிறாயா, உன் மகள் எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டிருந்தார். தையல் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள், மாஸ்க் தைக்கிறோம், நிறையத் தைக்கிறோம் என்று எழுதியிருந்தார். அந்த நாட்களில் தமிழ்நாட்டுச் சிறைகளில் தைத்த முகக்கவசங்கள் வெளியிலும் விற்பனைக்கு வந்தன. கடைசியில், வீடியோ சரியாகக் கிடைப்பதில்லை, லெட்டராவது போடு என்று இருந்தது. அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். பதில் எழுதவில்லை. ஊரடங்கில் தபால் போகாது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செப்டம்பரில் இ-பாஸை எடுத்தார்கள், பேருந்து ஓடியது, தபால்காரர் தினமும் தெருவில் வந்துபோனார். பேனா என் கைப்பையில்தான் இருந்தது.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்பதும் ஓரளவு உண்மைதான். அண்ணன் என்னைப் படிக்கவைத்தவர். அப்பா போன பிறகு என் பி.எட். கட்டணத்தை வாய்க்கால் வெட்டும் வேலைக்குப் போய்க் கட்டியவர். அவருக்கு எழுதப்போனால் இதை எழுத வேண்டும், அந்த அடியைப் பற்றியும் எழுத வேண்டும், பங்காளி வீட்டைப் பற்றியும் எழுத வேண்டும் என்று தோன்றியது. அதனால் ஒன்றுமே எழுதவில்லை. அவர் கேட்டது சொட்டு மருந்தைப் பற்றி மட்டும்தான். ஒரு வரியில் முடிந்திருக்கும்.

சிறையில் இருப்பவர்களுக்கு வெளித்தொடர்பு என்பது யாரோ போடும் பிச்சை என்று நினைத்திருந்தேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதைப் பிறகுதான் படித்தேன். 1979இல் சுனில் பத்ரா வழக்கில், ஒரு கைதி எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு விசாரித்தது உச்ச நீதிமன்றம். நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய அந்தத் தீர்ப்பு, குடும்பத்தாரும் நண்பர்களும் வந்து பார்ப்பதைக் கைதிக்குரிய நியாயமாகவே பேசுகிறது. 1981இல் பிரான்சிஸ் கோராலி முல்லின் வழக்கில், தடுப்புக்காவலில் இருந்த ஒரு பெண், குடும்பத்தாரை மாதம் ஒரு முறைதான் பார்க்கலாம் என்ற விதியை எதிர்த்து வந்தார். அந்த விதி செல்லாது என்றது நீதிமன்றம். உறவினரைப் பார்ப்பதும் பேசுவதும், அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. ஐ.நா. 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 58-ஆவது விதி, கைதி தன் குடும்பத்தோடும் நண்பர்களோடும் கடிதம் வழியாகவும் நேரிலும், வசதி இருக்கும் இடத்தில் மின்னணு வழியாகவும் தொடர்பு வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்கிறது. கொரோனா தொடங்கிய நேரத்தில் இத்தாலியில், 2020 மார்ச்சில், உறவினர் சந்திப்பை நிறுத்தியதும் சிறைக்குச் சிறை கலவரம் வெடித்தது. 13 கைதிகள் இறந்தார்கள், அவர்களில் 9 பேர் மொதேனா என்ற ஒரே சிறையைச் சேர்ந்தவர்கள். அந்தச் சந்திப்பு அவர்களுக்கு எவ்வளவு பெரிது என்பது எனக்கு இத்தாலியைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்றில்லை. கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணனின் விரல்களைப் பார்த்தே தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்புகள் எல்லாம் அரசாங்கத்தைப் பார்த்துப் பேசுகின்றன. தடுக்காதே, வழிவிடு என்கின்றன. வழிவிட்ட பிறகு மறுமுனையில் போனை எடு என்று எனக்கு உத்தரவு போட எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. 2020 கடைசியில் இந்தியச் சிறைகளில் 4,88,511 பேர் இருந்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பேர் தண்டனையே பெறாத விசாரணைக் கைதிகள். இத்தனை பேரையும் நினைத்தால், எத்தனை வீடுகளில் எத்தனை போன்கள் கவிழ்ந்து கிடந்தனவோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நெரிசல், மருத்துவம், கைதிகளை வெளியே கூட்டிப்போக வழிக்காவல் போலீஸ் இல்லாமை என்று சிறைகளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய. அவற்றைக் கேட்கும் தகுதியை நான் இழந்தது என் வீட்டுக் கூடத்தில்.

அண்ணி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகளிர் குழுவில் கடன் வாங்கி ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினார். ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. அழைப்பு வரக்கூடும் என்று நினைத்த நாளெல்லாம் ஏரிக்கரை மேட்டில் போய் உட்கார்ந்திருப்பாராம். அண்ணன் எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டார். அம்மாவும் ஊருக்குப் போய்விட்டார். என் போனுக்கு அந்த அழைப்பு வருவது நின்றது. அப்போதும் எனக்கு வந்தது நிம்மதிதான். முதல் அலை தணிந்து மனு திரும்பத் தொடங்கியபோது ஒரு தடவை போனேன். முகக்கவசத்தோடு, முன்பைவிடத் தள்ளி நின்று பேச வேண்டியிருந்தது. "ஒன் வீட்டுல நெட் சரியில்ல போல பாப்பா" என்றார் அண்ணன். ஆமாம் என்றேன். அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். 2021இல் இரண்டாம் அலை வந்து மனு மறுபடி நின்றது. மே 10 முதல் மறுபடி முழு ஊரடங்கு. அண்ணனுக்குச் சிறையில் தொற்று வந்து, தனி பிளாக்கில் வைத்து, சரியாகி வெளியே வந்த செய்தியே எனக்கு அண்ணி சொல்லித்தான் தெரியும். அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

தண்டனைக் கழிவு போக 2024இல் அண்ணன் விடுதலையானார். இதை எழுதி முடித்ததும் ஊருக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அந்த வார்டரு ரெண்டு ரெண்டு தடவ போட்டுப் பாப்பாரு. வீட்டுல நெட் இல்ல போலப்பான்னு அவருதான் சொல்லுவாரு" என்றார். நீ அதை நம்பினாயா அண்ணே என்று கேட்டேன். "மொதல்ல நம்புனேன்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, என்னைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. மகளிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் இப்போது கல்லூரிக்குப் போகும் வயது. மாமா சிங்கப்பூரில் இல்லை என்பது எட்டாம் வகுப்பிலேயே தெரியும் என்றாள்.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அண்ணன் கூப்பிட்டார், நான்தான் எடுக்கவில்லை என்று சொன்னேன். அம்மா வெகுநேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டார்: "எத்தன தடவ கூப்புட்டான்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் எண்ணி வைக்கவில்லை. அண்ணன் எண்ணியிருப்பார்.

உங்கள் வீட்டிலும் யாராவது உள்ளே இருக்கலாம். யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பீர்கள், தெரியும். அவர் செய்தது சரியா தப்பா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். சிறையிலிருந்து வரும் எண்ணைப் பெயர் போட்டுச் சேமித்து வையுங்கள். வகுப்பு நடந்தாலும் விருந்தாளி இருந்தாலும் எடுங்கள். அடுத்த மனு நாளில் போங்கள். போக முடியாவிட்டால் ஒரு இன்லேண்டு லெட்டரில் அவர் பெயர், கைதி எண், சிறையின் பெயர், ஊர் எழுதிப் போடுங்கள், போய்ச் சேரும். பெரிய விஷயம் எதுவும் எழுத வேண்டாம். அம்மா கண் எப்படி இருக்கிறது என்று எழுதினால் போதும். கடிதத்தை அதிகாரிகள் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதற்காகக் கூச்சப்பட்டு எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.